ரவுண்டானாவுக்குப் பெயர் தந்தவர்



திருச்சி கண்டோன்மெண்டில், "மேஜர் சரவணன் ரவுண்டானாவுல இறக்கி விடுங்க" என்று ஆட்டோக்காரரிடம் நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். யார் அவர் என்று யோசித்ததில்லை.

ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமெண்ட் அதிகாரி. கார்கில் போரில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் மலைமுகட்டைப் பிடிக்கத் தம் வீரர்களை முன்னின்று நடத்தினார். எதிரியின் பதுங்குகுழியை ராக்கெட் லாஞ்சரால் தாக்கினார். காயம்பட்டும் பின்வாங்கவில்லை. குண்டு பாய்ந்து வீழ்ந்தபோது வயது 26. கடும் சண்டை நடந்ததால் உடலை மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பனியிலேயே கிடந்தது. ஜூலையில்தான் ஊர் வந்து சேர்ந்தது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

மாணவத் தம்பி, தங்கைகளே! அது வெறும் ஸ்டாப்பிங் பேரு இல்லப்பா. உங்களைவிட நாலைந்து வயதே மூத்த ஒரு பிள்ளையின் பெயர்.