டிக்கெட் இல்லாத இசைவிழா



ஊருக்குப் போய்வரும் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் சொல்வதுண்டு: "சொந்தபந்தங்களைப் பார்த்தோம், கையிலிருந்த காசு கரைந்தது. கச்சேரி கேட்பதெல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தான்." அப்படியில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய நம் பாட்டன்மார் பலருடைய தஞ்சைச் சீமையிலேயே, டிக்கெட் இல்லாத இசைவிழா ஒன்று நடக்கிறது. அதுதான் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை.

தியாகராஜர் 1767இல் பிறந்து 1847இல் மறைந்தார். அவருடைய சமாதி காவிரிக் கரையில் இருக்கிறது. அவர் மறைந்த தேய்பிறைப் பஞ்சமி திதியில், பெரும்பாலும் ஜனவரி மாதத்தில், வித்வான்கள் அங்கே கூடி அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தரையில் அமர்ந்து கேட்கலாம்.

ஆனால், யார் வேண்டுமானாலும் பாடலாம் என்ற நிலை ஆதியிலிருந்து இருந்ததில்லை. அதற்காகப் போராடியவர் ஒரு பெண்மணி. பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் 1878இல் பிறந்த புகழ்பெற்ற பாடகி. சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதை அறிந்து, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். குடமுழுக்கும் நடந்தது. கோயில் கட்டியவர் அவர்; ஆனாலும் பெண் என்பதால் ஆராதனையில் பாட அவருக்கு இடமில்லை! விழா நடத்திய ஆண்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். பெண்ணை விலக்குவதில் மட்டும் இரு கட்சியும் ஒன்று.

அம்மையார் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. 1927 முதல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-41இல் கட்சிகள் ஒன்றுபட்டன. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினார்கள். 1952இல் அம்மையார் மறைந்தார். தியாகராஜர் சந்நிதியை நோக்கியபடி அவருடைய சிலை இன்றும் அங்கே இருக்கிறது.

விழாவுக்குப் போகிறவர்கள் தஞ்சாவூரில் தங்கலாம். திருவையாறு அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர், பேருந்தில் போய்வரலாம். உட்கார ஒரு பாயும், கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கவும் கட்டணமில்லை. இராசராச சோழன் கட்டி 1010இல் நிறைவுற்ற கோயில் அது. விமானம் சுமார் 216 அடி உயரம். அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கல்வெட்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோயிலில் ஆடவும் பாடவும் குடியமர்த்தப்பட்ட 400 பெண்களின் பெயர்களை அரசன் கல்லில் பொறித்திருக்கிறான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. அவர்களில் சிலர் திருவையாற்றிலிருந்து வந்தவர்கள்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் பெயர் பெற்ற கலைமகளிரின் வழியில் வந்த ஒருத்திக்குத்தான் அதே திருவையாற்றில் வாயடைத்தார்கள். ஆகவே, காவிரிக் கரையில் நம் வீட்டுப் பெண்பிள்ளை வாய்விட்டுப் பாடினால், அது யாரோ போட்ட பிச்சையல்ல; ஒரு தாய் தேடி வைத்த சொத்து. காசில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள்.