கிரீடத்து மாணிக்கமும் பாட்டி தோடும்

மாணிக்கம் வாங்கப் போறவங்க முதல்ல லண்டன் டவருக்கு மனசால ஒரு நடை போயிட்டு வரணும். அங்கே அரச கிரீடத்தின் முன்பக்கம், நட்டநடுவே சிவப்பா ஒரு கல். சுமார் 170 காரட். 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்'னு பேரு. 1367ல் காஸ்டீல் மன்னர் பெட்ரோ, படை உதவிக்குக் கைம்மாறா இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்குக் கொடுத்ததா சொல்லுவாங்க. 2023ல் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூட்டிக்கொண்டு வெளியே வந்தபோதும் தலையில் இதேதான்.

ஒரே ஒரு விஷயம், அது மாணிக்கமே இல்லை! ஸ்பைனல்.

ராஜாக்களே ஏமாந்தாங்களான்னா, ஏமாற்ற அங்கே யாருமே இல்லை. அந்தக் காலத்துல கண்தான் தராசு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெரு வருதே, அங்கேயும் நிறம், ஒளி, குற்றம் பார்த்துத்தான் தரம் பிரிச்சாங்க. ரெண்டு கல்லுக்கும் சிவப்பு தர்றது குரோமியம். பர்மாவுல ரெண்டும் ஒரே மண்ணுல கிடைக்கும். கண்ணுக்கு எப்படித் தெரியும்? 1783ல் ரோமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர்தான் ரெண்டும் வேற வேறன்னு பிரிச்சுக் காட்டினார்.

அடுத்த அடி 1902ல். வெர்னுயி என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், அலுமினாப் பொடியை நெருப்புச் சுடர்ல உருக்கி மாணிக்கத்தையே செய்யும் முறையை அறிவிச்சார். இது கண்ணாடி இல்லைங்க, வேதியியல்படி அசல் மாணிக்கமேதான். விலைதான் அடிமாட்டு விலை. அதனால, "பாட்டி காலத்துத் தோடு, கல்லும் பூமியில விளைஞ்சதாத்தான் இருக்கும்"ங்கற கணக்கு செல்லாது. பாட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே செயற்கைக் கல் வந்தாச்சு.

சரி, எப்படிப் பார்க்கறது? கடை விளக்கை நம்பாம பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. பத்து மடங்கு லென்ஸ் வச்சு உள்ளே பாருங்க. வெர்னுயி கல்லுல இசைத்தட்டுக் கோடு மாதிரி வளைஞ்ச கோடுகளும் காற்றுக் குமிழும் இருக்கும். இயற்கைக் கல்லுல கோடு நேரா இருக்கும், பட்டுநூல் மாதிரி மெல்லிய ஊசிகளும் தெரியலாம். துளி மாசு இல்லாத பெரிய கல் சல்லிசா கிடைச்சா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க :-)

2004 வாக்கில் இன்னொரு வித்தையும் சந்தைக்கு வந்தது. விரிசல் விழுந்த மட்டக் கல்லுல ஈயக் கண்ணாடியை நிரப்பிப் பளபளன்னு ஆக்கிடுவாங்க. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிச்சுடும். இதுல நாம வெறுங்கண்ணால ஜெயிக்க முடியாது. பெரிய தொகைன்னா, கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகச் சான்றிதழ் கேளுங்க. 'இயற்கை'ன்னு இருந்தா மட்டும் போதாது, சூடு காட்டினதா, கண்ணாடி நிரப்பினதான்னும் எழுதியிருக்கணும்.

கிரீடத்துக்குக் கல் எதுவானாலும் மதிப்பு குறையாது, சரித்திரம் இருக்கு. பாட்டி தோட்டுக்கும் அப்படித்தான். ஆனா கடையில பணத்தை எண்ணி வைக்கும்போது, நாம விலை கொடுக்கறது கல்லுக்கு மட்டும்தான்.