வெட்டிய கையும் கட்டளையிட்ட வாயும்
மேலவளவிலிருந்து பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தை வாசித்தல்



1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிய மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வழிமறித்து வெட்டப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது. துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகியோரையும் சேர்த்து ஆறு பேரை இழந்தோம். இந்த அவையில் இதை அறியாதவர் எவருமில்லை. அன்று நடந்த குற்றத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கேள்வி.

நம் பிள்ளைகள் சிலர் சட்டம் முடித்து முதுகலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஓரிருவர் பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "தி ஹேக் நகரத்துச் சட்டம் மேலூர் தாலுகாவுக்கு எதற்கு?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், இயக்கத்திலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்லவே இந்த உரை.

1. நூரம்பர்க் கற்பித்தது

1945 நவம்பரில் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீது விசாரணை தொடங்கியது. கூண்டில் நின்ற அமைச்சர்களும் தளபதிகளும் பெரும்பாலும் தங்கள் கையால் எவரையும் கொன்றவர்களல்லர். மேசையில் அமர்ந்து கையெழுத்திட்டவர்கள், ஆணை அனுப்பியவர்கள், மேடையிலும் ஏட்டிலும் வெறுப்பை வளர்த்தவர்கள். நீதிமன்றம் அவர்களில் 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 'நான் யாரையும் தொடவில்லை', 'மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன்' என்ற இரண்டு சமாதானங்களும் அங்கே எடுபடவில்லை.

1998 ஜூலை 17 அன்று 120 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறிய ரோம் சட்டம், இந்தப் பாடத்தை விரித்து எழுதியது. குடிமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாக நிகழும் கொலை, வெறும் கொலை அல்ல. மானுடத்துக்கு எதிரான குற்றம். ஆணையிட்டவரும் தூண்டியவரும் துணைநின்றவரும் அதற்குப் பொறுப்பு. தடுக்கும் அதிகாரம் கையிலிருந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பு. பதவி எவருக்கும் கேடயமில்லை. முதுகலை மாணவர் இரண்டாண்டுகள் படிக்கும் பாடத்தின் நடுநரம்பு இதுதான். அந்த வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது. இன்றுவரை அந்தச் சட்டத்தில் கையெழுத்திடவில்லை.

2. வெண்மணியின் தீர்ப்பு

இந்தப் பாடத்தோடு கீழவெண்மணிக்குப் போவோம். 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கீழமை நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் பண்ணையார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது.

நூரம்பர்க்கில், தன் கையால் செய்யாதவரைத் தேடித்தான் சட்டம் மேலே ஏறியது. இங்கே, தன் கையால் செய்யும் அளவுக்குத் தாழ்ந்தவரல்லர் என்ற காரணமே விடுதலைக்கு வழியானது. செல்வமும் செல்வாக்கும் அங்கே பொறுப்பைக் கூட்டின, இங்கே சந்தேகத்தின் பலனைக் கூட்டின. சட்டம் படிக்கும் நம் பிள்ளை இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும்.

3. மேலவளவு ஒரு நாளில் நடக்கவில்லை

1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட முன்வந்தவர்கள் மிரட்டப்பட்டுப் பின்வாங்கினார்கள், தேர்தல் தள்ளிப்போனது. அடுத்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகள் பறிபோயின. காவல் பாதுகாப்போடு டிசம்பர் 31-ல் நடந்த தேர்தலில்தான் முருகேசன் வென்றார். வென்ற பிறகும் ஊராட்சி அலுவலக நாற்காலியில் நிம்மதியாக அமர முடியவில்லை. பாதுகாப்பு கேட்டார். ஆறே மாதத்தில் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தனி ஊராட்சிகள் முடக்கப்பட்டன. வேட்புமனுவே இல்லாத தேர்தல்கள், வென்ற கையோடு பதவி விலகும் பொம்மைத் தலைவர்கள் என்று 10 ஆண்டுகள் ஓடின. 2006-ல்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்தது. மதுரையைச் சுற்றிய இந்தச் சமவெளியில் ஒரு மக்கள்திரள் ஆட்சிப் பொறுப்புக்கு வரக் கூடாது என்பது ஊர்க்கூட்டங்களில் எடுக்கப்பட்ட முடிவாக இருந்தது. பரவலானது, திட்டமிட்டது என்று சட்ட நூல் சொல்வதை நாம் வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

வழக்கில் 40 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2001 ஜூலையில் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. அது 2006-ல் உயர் நீதிமன்றத்திலும் 2009-ல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது. இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்லமாட்டோம். உயிருக்கு அஞ்சாமல் சாட்சி சொன்ன சேரி மக்களும், வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோரின் சலியாத உழைப்பும் இல்லாவிட்டால் இதுவும் கிடைத்திருக்காது. ஆனால் தண்டிக்கப்பட்டது கொலை. தேர்தலைத் தடுத்த முடிவும், பாதுகாப்பு தராத நிர்வாகமும் கூண்டுக்கு வரவில்லை. 2019 நவம்பரில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். கொலை என்று மட்டும் எண்ணினால் அது நன்னடத்தை பார்த்துக் குறைக்கக்கூடிய தண்டனை. ஒரு மக்களின் அரசியல் உரிமைமீது நடந்த தாக்குதல் என்று எண்ணியிருந்தால், அப்படி ஓர் ஆணையை எழுத அரசுக்குக் கை கூசியிருக்கும்.

4. சாதிக்கு உலகச் சட்டத்தில் இடம் உண்டா?

1948-ன் இனப்படுகொலை உடன்படிக்கை தேசிய, இன, மரபின, மதக் குழுக்களைக் காக்கிறது. சாதி அதில் இல்லை. 1965-ல் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை உருவானபோது, 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியத் தூதுக்குழுதான். 1968 டிசம்பர் 3 அன்று இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. இருபத்திரண்டாம் நாள் வெண்மணி எரிந்தது.

2001-ல் டர்பன் மாநாட்டுக்குத் தலித் இயக்கத்தார் திரண்டு போனபோது, சாதி இனமல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று அதே அரசு வாதாடியது. 2002-ல் ஐ.நா. குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. இந்தப் பாதையை முதலில் யோசித்தவர் அண்ணல் அம்பேத்கர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு அளிப்பதை அறிந்து, 1946-ல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி அந்த மனுவின் படிகளைக் கேட்டார்.

2009-க்குப் பிறகு 'போர்க்குற்றம்', 'இனப்படுகொலை' என்ற சொற்கள் மதுரைச் சுவரொட்டிகளுக்கும் வந்தன. ஈழத்துக்காக நாமும் அவற்றை முழங்கினோம், இனியும் முழங்குவோம். கடலுக்கு அப்பால் கட்டளையிட்டவரைத் தேடும் அதே தமிழ்ச் சமூகம், மேலூருக்கு வந்ததும் 'இரு தரப்பு மோதல்' என்று பேசுவதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

5. என்ன செய்ய வேண்டும்?

மேலவளவு வழக்கு தி ஹேக் போகாது. இந்தியா உறுப்பு நாடல்ல. அந்த நீதிமன்றத்தின் அதிகாரமும் 2002 ஜூலை 1-க்குப் பின் நடந்தவற்றுக்கே. இந்தப் படிப்பின் பயன் இங்குள்ள சட்டத்தை வேறு கண்ணோடு பார்ப்பதில் இருக்கிறது. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. அது நம் கையிலுள்ள மேலதிகாரிப் பொறுப்பு. 2015-ல் சேர்க்கப்பட்ட 15-அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் வழக்கில் குரல் தருகிறது. இவற்றை வழக்குதோறும் கேட்டு வாங்கும் வழக்கறிஞர்கள் வேண்டும்.

2018-ல் சஜ்ஜன் குமார் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மானுடத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லாத ஓட்டையைச் சுட்டி, அதை அடைக்கச் சொன்னது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. அதை அடைக்கும் வரைவை எழுதுபவர்கள் சேரியிலிருந்தும் வர வேண்டும். சாதி என்ற சொல் அதில் இடம்பெற வேண்டும்.

ஆனால் படிக்கப் போகும் வழியிலும் முள் போட்டிருக்கிறார்கள். பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022-ல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. அரசுப் பணத்தில் வெளிநாடு போகலாம், ஆனால் தன் ஊரில் நடந்ததைப் பற்றி அங்கே ஆராயக் கூடாது. இந்த விதியை நீக்கக் கோருவது நம் உடனடிக் கடமை. பாடநூல்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவருவது நம்மைப் போன்ற எழுதுவோரின் கடமை.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையைக் கையிலெடுக்கும்போது, வெட்டியவர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கூட்டம் போட்டது யார், பணம் கொடுத்தது யார், மனுவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்த அதிகாரி யார் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு பெயரையும் குற்றப்பத்திரிகைக்குள் கொண்டுவரும் வரை விடாதீர்கள்.

ஜெய்பீம்.