வீட்டுக்கு ஒரு தொலைபேசி: வட்ஸ்அப்பில் மாணவர் ஆலோசனை

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளிலும் வகுப்பறை வட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியது. பாடக் குறிப்புகளும் குரல் பதிவுகளும் அதில் வந்து சேர்ந்தன. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரின் அறைக்கு மட்டும் அப்படியொரு மாற்று இலகுவில் அமையவில்லை. பாடத்தை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்பலாம், மனக்கஷ்டத்தை அப்படிப் பேச முடியாது.

உளவளத்துணை இக்கரைக்குப் புதிய சொல்லல்ல. 2004 சுனாமிக்குப் பின்னர் இங்கு பரவலாகக் கேட்ட சொல்தான். ஆனால் அன்று ஆலோசகர் நேரில் வந்து உட்கார்ந்தார்.

வட்ஸ்அப் உரையாடல்கள் 2016இலிருந்து முழுமையாக மறைகுறியாக்கப்படுகின்றன; இடையில் எவரும் வாசிக்க முடியாது. சிக்கல் இடையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. வாப்பா கட்டாரில், உம்மாவின் கையில் ஒரே தொலைபேசி, அதில் மூன்று பிள்ளைகளின் வகுப்புக் குழுக்கள் என்ற வீட்டில் ஒரு மாணவி எதை எழுதுவாள்? எழுதினாலும் பதில் வரும்போது தொலைபேசி யார் கையில் இருக்கும்? ஆகவே ஆசிரியரின் முதல் செய்தியில் பிரச்சினையின் பெயரே வரக்கூடாது. "பாடம் பற்றிப் பேச எப்போது வசதி?" என்பது போதும். நேரத்தை மாணவி தீர்மானிக்கட்டும். யாராவது அருகில் வந்தால் சொல்வதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். 2023இல் வந்த உரையாடல் பூட்டு வசதி ஓரளவு உதவும். வேறொரு கருவியில் அதே கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இவ்வளவு சிரமத்துக்குப் பதில் பத்து நிமிட நேரடி அழைப்பே பல வேளைகளில் மேல். வீடியோ தேவையேயில்லை.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிராபத்து, துஷ்பிரயோகம் என்று வந்தால் வேறொருவருக்குச் சொல்ல வேண்டிவரும் என்பதை ஆரம்பத்திலேயே மாணவருக்குத் தெரிவிப்பதுதான் நேர்மை. திரைப்பிடிப்பை ஆசிரியர் குழுவில் பகிர்ந்து "என்ன செய்யலாம்?" என்று கேட்பது உதவியல்ல.

ஒரு பிள்ளை ஸ்டேட்டஸில் "இனி நான் தேவையில்லை" என்று எழுதினால் அதன் கீழே அறிவுரை எழுதாமல் உடனே அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டில் நம்பகமான ஒருவரை அழைத்து, பிள்ளையைத் தனியே விடாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தில் முறையிடலாம். மனநல உதவிக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டும் 24 மணிநேரமும் இயங்குகின்றன, தமிழிலும் பேசலாம்.