ஆசிரியர் வளர்த்த போதகர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1924ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற சீயோன் லுத்தரன் ஆலயம் இன்றும் நிலைபெற்றுள்ளது. இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் பணிபுரியத் தமிழகத்தினின்று மலாயாவுக்கு வந்த மக்களுள் லுத்தரன் சபையினரும் இருந்தனர். வந்த இடத்தில் அவர்கள் ஆலயம் கட்டிக்கொண்டனர். ஆனால், தமிழில் அருளுரை ஆற்றப் போதகர் வேண்டுமெனில், தொடக்க காலத்தில் அவரும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. கல்லும் மரமும் இந்நாட்டில் கிடைத்தன, போதகர் கிடைக்கவில்லை.

இம்மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுள் யார் போதகராவர் என்னும் வினா அன்று தொட்டே இருந்து வருகிறது. இதனைத் திருச்சபையாரிடம் மட்டுமே கேட்பது நம்மவர் வழக்கம். ஆசிரியரிடமும் கேட்கத் தக்கது இது என்பதே என் கருத்து. வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது.

மார்ட்டின் லுத்தர் 1530ஆம் ஆண்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கடமை குறித்து நீண்டதொரு அருளுரையை எழுதி வெளியிட்டார். பள்ளி இன்றேல் நாளைய போதகர் எங்கிருந்து வருவார் என்பது அதன் அடிநாதம். தாம் போதகராக இல்லாவிடில் பள்ளியாசிரியராக இருப்பதையே விரும்பியிருப்பார் என்றும் அவர் அதில் குறிப்பிடுகிறார். ஆசிரியத் தொழிலைத் தாழ்வாகக் கருதும் பெற்றோர்க்கு இதனை எடுத்துக்காட்டலாம்.

இக்கருத்து தமிழ்நாட்டில் வேரூன்றிய இடம் தரங்கம்பாடி. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழாசிரியர் ஒருவரை அமர்த்திச் சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்துகளைக் கற்றார். அடுத்த ஆண்டே பள்ளிகள் தோன்றின; பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி அமைந்தது. 1716இல் ஆசிரியரையும் உபதேசியாரையும் பயிற்றுவிக்கும் கல்விக்கூடமும் ஏற்பட்டது. ஆசிரியருக்கும் உபதேசியாருக்கும் ஒரே கூடத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் அவ்விரு பணிகளுக்கும் இடையே பெரிய சுவர் எதுவும் இருந்ததில்லை.

கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்னும் இளைஞர் 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் எனப் பெயர் பூண்டார். அவர் பள்ளியில் கற்பித்தார். உபதேசியாராக ஊர்தோறும் நடந்தார். 1733 திசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியருள் சீர்திருத்தத் திருச்சபையின் முதற்போதகர் அவரே. திருமுழுக்கிற்கும் குருப்பட்டத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்! ஒரு மாணவனை ஊக்குவித்த மறுதிங்களே பயன் காண விழையும் நம் போன்றோர் இக்கணக்கை நினைவில் வைப்பது நன்று.

இவ்வரலாற்றில் வருத்தம் தரும் ஏடும் ஒன்று உண்டு. தஞ்சைப் படையில் வீரராயிருந்த இராசநாயக்கன், அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து மனம் மாறி உபதேசியாரானார். தொண்டில் அவர் எவருக்கும் இளைத்தவர் அல்லர். எனினும், அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவராதலால், உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதியோர் அவர் கையிலிருந்து திருவிருந்து பெறமாட்டார் என மிஷனரிமார் அஞ்சினர். 1741இல் குருப்பட்டம் பெற்றவர் தியோகு என்பவர். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே தொண்டாற்றினார். தகுதியைக் காணாமல் பிறப்பைக் கண்டதன் விளைவு இது. தோட்டப்புறப் பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு எதற்கு இந்த நினைப்பு என்று எண்ணும் ஆசிரியர் எவரேனும் இன்று இருப்பாராயின், அவரும் அதே பிழையைத்தான் செய்கிறார்.

வேதநாயக சாத்திரியாரின் வாழ்வு வேறொரு செய்தியைக் கூறுகிறது. 1774இல் பிறந்த அவரைப் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கண்ட சுவார்ட்சு ஐயர், தந்தையின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். சிறுவன் பின்னர்த் தரங்கம்பாடியிலும் பயின்றான். அவர் போதகராகவில்லை, ஆசிரியராகவும், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய புலவராகவும் விளங்கினார். இதனால் சுவார்ட்சின் முயற்சி வீணாயிற்று என்று கூற எவருக்கேனும் துணிவுண்டோ? ஊக்குவிப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. அழைப்பு மாணவனின் உள்ளத்தில் எழ வேண்டும். திருச்சபையும் அதனை ஆராய்ந்து ஏற்க வேண்டும். அவ்விரண்டுக்கும் உரியவர் ஆசிரியர் அல்லர்.

தரங்கம்பாடிப் பேராயராக 1956இல் பொறுப்பேற்ற முதல் இந்தியரான இராசா மாணிக்கம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை மட்டும் இங்குச் சுட்டி மேற்செல்கிறேன்.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். நம் தமிழ்ப்பள்ளிகளில் பயில்வோருள் பெரும்பான்மையோர் இந்துப் பிள்ளைகள். எனவே, வகுப்பறையை அருளுரை மேடையாக்குவது முறையன்று. அது பிற சமயத்துப் பெற்றோர் நம்பால் வைத்த நம்பிக்கைக்கு இழைக்கும் இரண்டகமாகும். ஆசிரியர் செய்யத்தக்கது தமிழை நன்கு கற்பிப்பது. பிழையற வாசிக்கவும், அவையஞ்சாது பேசவும், எழுதியதைத் திருத்தி எழுதவும் பயின்ற மாணவன் எத்துறைக்கும் உரியவனாவான். தமிழில் அருளுரை ஆற்றும் போதகர் பணிக்கோ இவை இன்றியமையாதன. பேச்சுப்போட்டி மேடையில் ஒரு பிள்ளையிடம் நாம் காணும் திறனை அவன் பெற்றோரிடம் வாய்திறந்து சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

எஞ்சிய பாதி, ஞாயிறு பள்ளியிலும் திடப்படுத்தல் வகுப்பிலும் நடைபெறும். நம் ஆசிரியருள் சபையினராயிருப்போர் அங்கும் கற்பிக்கலாம். அவர்களிடம் ஒன்று கூறுவேன். தேர்வில் பின்தங்கியவனைத் தேற்றுவதற்காக இப்பணியைச் சுட்டாதீர்கள். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, துயருற்ற வீட்டிற்குள் நள்ளிரவிலும் நுழைய வேண்டிய பணி அது. கூரிய அறிவும் கனிந்த நெஞ்சும் உடையவனிடமே அதைப் பற்றிப் பேசுங்கள். ஊதியம் மிகுதியன்று என்பதையும் மறைக்க வேண்டா. மறைத்தால் பெற்றோர் பின்னர் நம்மையே கேட்பர், கேட்பதும் நியாயமே.

முன்னாளைப் போலக் கடல் கடக்க வேண்டிய தேவையும் இன்றில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, லுத்தரன் சபைகள் இணைந்து 1979இல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி, பின்னர்ச் சிரம்பானுக்கு இடம்பெயர்ந்து அங்கு இயங்கி வருகிறது. கிள்ளானிலிருந்து இரயிலேறினால் அன்றே சென்று திரும்பிவிடலாம். இடைநிலைப்பள்ளி இறுதியாண்டில் பயிலும் சபைப் பிள்ளைகள் இருவர் மூவரை, பெற்றோர் இசைவுடன் அங்கு அழைத்துச் சென்று நூலகத்தையும் வகுப்புகளையும் காட்டி வர, ஓர் ஆசிரியருக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு பகற்பொழுது போதும்.