குருகும் கரியும்

சாட்சி என்னும் சொல் தமிழில் வேரூன்றுமுன் நம் புலவர்கள் அப்பொருளில் ஆண்ட சொல் கரி. பெண்ணொருத்தியின் சொல்லை மன்றம் ஏற்பதா, மறுப்பதா என்னும் வினாவும் அச்சொல்லைப் போலவே பழமையானது. குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, தன்னைக் கூடியவன் பொய்த்தால் என் செய்வது எனக் கலங்குகிறாள். அன்று அங்கு வேறெவரும் இலர். ஆரல் மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது. வகுப்பறையில் இதனைக் காதற்பாட்டாகவே சுவைத்துப் பழகிவிட்டோம். கரியற்ற இடத்தில் பெண்சொல்லின் நிலை யாது என்னும் அச்சமும் அதனுள் உண்டு.

அகநானூற்றின் 256ஆம் பாட்டு இன்னும் நேராகப் பேசுகிறது. கள்ளூரில் இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்தவன், அவளை அறியேன் என்று அவையில் சூளுரைத்தான். அவையத்தார் அவன் சூளோடு அமையவில்லை; அறிந்தோரைக் கரியாக வினவினர். பொய் வெளிப்பட்டதும் அவனை மரக்கிளையில் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். கடுவன் மள்ளனார் இதனை ஊரலரின் பேரொலிக்கு உவமையாகவே கூறிச் செல்கிறார். ஆயினும் சட்ட வரலாற்றுக்கு இஃது அருஞ்செய்தி. அப்பெண் பின்னர் என்னவானாள் என்பதை மட்டும் புலவர் சொல்லவில்லை.

கள்ளூரில் கரி கிடைத்தது. குருகு மட்டுமே நின்ற இடத்தில்?

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சாட்சிகளுக்கு எண்ணிக்கை வகுக்கவில்லை. எனினும், வன்புணர்ச்சி வழக்கில் முறையிட்டவளின் ஒழுக்கத்தைப் பழித்து அவள் சொல்லை அசைக்க 155ஆம் பிரிவு இடந்தந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வுட்பிரிவை நீக்கிற்று. இடைப்பட்ட காலத்தில் அவள் உடலும் கரியாக்கப்பட்டது. மகாராட்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்திற்குள் பழங்குடிப் பெண்ணொருத்திக்கு நேர்ந்த கொடுமையில், உடலில் காயமில்லை என்பதைச் சுட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலரை விடுவித்தது. உபேந்திர பக்சி, இலோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடலும் மகளிர் இயக்கங்களின் போராட்டமும் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு வழிவகுத்தன. காவலில் நடந்த புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டபின், இசையவில்லை என்று பெண் கூறினால், நீதிமன்றம் அவ்வாறே கொள்ள வேண்டும் என்றாயிற்று.

காவல் நிலையத்திற்கு வெளியே? 1996இல் குர்மீத் சிங் வழக்கில், நம்பத்தக்கதாயின் அவள் சாட்சியம் ஒன்றே போதும், சிறு முரண்களுக்காக அதனைத் தள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. நம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்து வருபவள் நாளை திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்தில் கூண்டேற நேரின், அவளுக்குத் துணை அந்நெறியே.

அந்நெறி ஓர் ஊருக்கே வேண்டியதாயிற்று வாச்சாத்தியில். 1992 சூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகத் தருமபுரி மாவட்டத்து அம்மலையடிவாரச் சிற்றூரில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பெண்கள் பதினெண்மர் சிதைக்கப்பட்டனர். கடத்தற்காரர் எனப் பெயர் சூட்டப்பட்டவர்களின் சொல் எங்கே எடுபடும்? 1995இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அவருள் 54 பேர் அதற்குமுன்பே இறந்துவிட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29இல் தண்டனைகளை உறுதிசெய்து, பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், மறைந்தோர்க்குரியதை அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கவும் ஆணையிட்டார்.