கச்சான் காத்தும் கிரபிக்ஸ் கார்டும்: ஒரு இரைச்சலின் வரலாறு



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். தரம் பத்தில் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "சேர், மகன்ட கம்பியூட்டர் ராவையில ஹெலிகொப்டர் கணக்கா இரையுது. வெடிச்சிருமோ எண்டு உம்மாக்காரி பயப்புடுறா. வித்துரட்டா?"

ஹெலிகொப்டர் சத்தம் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு வேறு ஞாபகங்கள் இருக்கின்றன. அதனால் சிரிப்பு வரவில்லை. விசாரித்தேன். கத்தாரில் இருக்கும் மூத்த மகன் காசு அனுப்பி, தம்பி பழைய கிரபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். கேம் விளையாடத் தொடங்கினால் பத்தே நிமிசத்தில் இரைச்சல். வீட்டார் ஏசுகிறார்கள் என்று அவன் ஒரு மென்பொருளைப் போட்டு ஃபேன் வேகத்தைக் குறைத்திருக்கிறான். இரண்டு முறை கம்பியூட்டர் தானாக அணைந்துபோனது. அதற்குப் பிறகுதான் வெடிக்கும் என்ற பயம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இப்போது ஒரு பொடியன் இப்படி ஒரு பெட்டியோடு இருக்கிறான். அதனால்தான் அந்த வாப்பாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையைக் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் கச்சான் வீசும். (வெளியூர் நண்பர்களுக்கு: வறுத்துத் தின்னும் கச்சானைச் சொல்லவில்லை.) தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே கீழிறங்கும். இறங்க இறங்க அமுக்கம் கூடிச் சூடாகும், ஈரமும் இருக்காது. வாவிக்கரைக்கு வந்து சேரும்போது அது அடுப்படிக் காற்று. 35 பாகையைத் தாண்டும் பகல்கள் எங்களுக்குப் புதிதில்லை. அல்ப்ஸ் மலையிலும் இதே வகைக் காற்று இறங்குகிறது. ஜேர்மன்காரர் அதற்கு 'ஃபென்' என்று பெயர் வைத்தார்கள். தலைமுடி காயவைக்கும் மெஷினுக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் மூத்தவர்கள் இந்தக் கச்சானைக் கிடுகுக் கூரையாலும் மண் சுவராலும் பனையோலை விசிறியாலும் சமாளித்தார்கள். மண் முட்டிக்குள் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. முட்டியின் வெளிப்பக்கம் கசியும் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இதே தந்திரத்தை ஆயிரம் வருசத்துக்கு மேலே பக்தாதில் அப்பாசிய கலீபாக்களின் மாளிகைகளில் செய்திருக்கிறார்கள். 'கைஷ்' என்ற முரட்டுத் துணியை நனைத்துத் தொங்கவிட்டுக் காற்றைக் குளிர்விப்பது. கலீபா மன்சூர் காலத்திலிருந்தே, அதாவது எட்டாம் நூற்றாண்டிலிருந்தே, இதைப் பற்றிய குறிப்புகள் உண்டு.

பிறகு வெள்ளைக்காரன் காலத்துப் பங்கா. கூரையில் தொங்கும் நீண்ட துணிச் சட்டம், அதில் கட்டிய கயிறு சுவரைத் தாண்டி விறாந்தைக்குப் போகும். அங்கே ஒருவர் குந்தியிருந்து இரவு பகலாக இழுக்க வேண்டும். துரைக்கு உள்ளே குளிர், இழுப்பவருக்கு வெளியே வேர்வை. தூங்கிவிட்டார் என்று பங்கா இழுத்தவரை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அடித்துக் கொன்ற வழக்குகள்கூட இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. மின்சார மேசை ஃபேன் 1880களில் அமெரிக்காவில் வந்தது. கயிறு இழுக்க ஆள் தேவையில்லாமல் போனது.

இங்கே ஒரு விஞ்ஞானப் பாடத்தைச் சொல்லாமல் போக முடியாது. (வாத்திப் பழக்கம்.) விசிறியோ பங்காவோ சீலிங் ஃபேனோ, எதுவும் காற்றைக் குளிராக்குவதில்லை. எங்கள் தோலில் உள்ள வேர்வையை ஆவியாக்குகிறது, அதனால்தான் குளிர்கிறது. வேர்க்காத ஒரு இரும்புத் துண்டுக்கு எவ்வளவு வீசினாலும், சுற்றியிருக்கும் காற்றின் சூட்டைவிடக் கீழே அது போகவே போகாது. 35 பாகைக் காற்றை வீசினால் 35 பாகைதான் அதன் எல்லை. கம்பியூட்டரின் முழுப் பிரச்சினையும் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

கம்பியூட்டர் பிறந்ததிலிருந்தே சூடுதான். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற இராட்சத மெஷினில் சுமார் 18,000 வால்வுகள். 150 கிலோவொட் மின்சாரம் குடித்தது. அதைக் குளிர்விக்கவே தனியாகப் பெரிய ஊதிகள் வைத்தார்கள். பிறகு வால்வு போய் ட்ரான்சிஸ்டர் வந்தது, சில்லு வந்தது. பெட்டி மேசைக்கு மேலே வந்ததும் சத்தம் ஒரு பிரச்சினையானது. அப்பிள் கம்பனியின் ஸ்டீவ் ஜொப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது. 1980இல் வந்த அப்பிள் 3 ஃபேன் இல்லாமலே வந்தது. உள்ளே சூடு ஏறிச் சில்லுகள் குழியை விட்டு நெகிழ்ந்தன. கம்பியூட்டரை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லு சரியாக உட்காரும் என்று கம்பனியே ஆலோசனை சொன்னதாக ஒரு கதை பிரபலம். வீட்டில் பழைய ரேடியோவின் தலையில் தட்டிய எங்களுக்கு அது ஒன்றும் புதுமையில்லை.

கேம் விளையாடும் கார்டின் கதை 1996இல் சூடு பிடிக்கிறது. 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பனியின் வூடூ கார்ட் வந்தது. அதில் ஃபேன் கிடையாது, சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டிகூடக் கிடையாது. சில்லுகள் வெறுமையாகத்தான் இருந்தன. மூன்றே வருடம், 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வரும்போது தலையில் சின்ன ஃபேன் ஒன்று ஏறிவிட்டது. அடுத்த வருடம் வூடூ 5 5500 இரண்டு சில்லு, இரண்டு ஃபேன், போதாததற்குத் தனி மின் இணைப்பு. சின்ன ஃபேன் என்றால் வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் நுளம்பு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம்.

இரைச்சலின் வரலாற்றில் மறக்க முடியாத ஆள் 2003இன் தொடக்கத்தில் கடைக்கு வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. போட்டிக் கம்பனி ஏடிஐ 2002 ஆகஸ்டிலேயே ரேடியன் 9700 ப்ரோவை இறக்கி முந்திவிட்டது. அதை எட்டிப் பிடிக்க என்விடியா தன் சில்லை மிஞ்சிய வேகத்தில் ஓட்டியது. வந்த சூட்டை வெளியே தள்ள இரண்டு கார்ட் அகலத்துக்கு ஒரு ஊதியைப் பொருத்தினார்கள். அது போட்ட சத்தத்தில் உலகமே 'டஸ்ட்பஸ்டர்' என்று பெயர் வைத்தது, அதாவது கையில் பிடித்துத் தூசு உறிஞ்சும் மெஷின். தலைமுடி காயவைக்கும் மெஷின் என்றும் கேலி. மேலே சொன்ன ஜேர்மன் 'ஃபென்' ஞாபகம் வருகிறதா? எங்கள் கச்சானும் அந்தக் கார்டும் ஒரே பேரில் வந்து நிற்கிறார்கள். கடைசியில் என்விடியாக்காரர்களே தங்கள் கார்டை இலைச்சருகு ஊதும் மெஷினில் பொருத்துவதாக ஒரு நகைச்சுவை வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். தன் தவறைத் தானே சிரித்து ஒப்புக்கொண்ட கம்பனிகள் குறைவு. அந்த வீடியோவுக்காக அவர்களைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

ஏன் இவ்வளவு சூடு? 1974இல் ரொபேர்ட் டெனார்ட் என்ற ஐபிஎம் பொறியியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கணக்குச் சொன்னார்கள். ட்ரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அது குடிக்கும் மின்சாரமும் அதே அளவில் குறையும், ஆகவே ஒரே இடத்தில் கூடுதலாக அடுக்கினாலும் சூடு ஏறாது என்று. முப்பது வருசம் அந்தக் கணக்கு கைகொடுத்தது. 2005ஐ ஒட்டி அது உடைந்தது. ட்ரான்சிஸ்டர் சிறுத்தது, மின்சாரம் அதே விகிதத்தில் குறையவில்லை. அதற்குப் பிறகு வேகம் வேண்டுமென்றால் மின்சாரத்தைக் கொட்டு, சூட்டை ஏற்றுக்கொள் என்பதுதான் விதி. 2010இல் ஜீடிஎக்ஸ் 480 வந்தபோது அது 250 வொட். முட்டை பொரிக்கலாம் என்று நக்கல் செய்தார்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது 450 வொட்டில், 2025இல் 5090 வந்தது 575 வொட்டில். 250ஐப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் 575ஐ வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஆனால் இன்றைய 450 வொட் கார்ட் 2003இன் கார்டைவிடச் சத்தம் குறைவு. காரணம் இரண்டு. ஒன்று, பெரிய ஃபேன். ஒரு ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் வரும், சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே எங்கள் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். ஆகவே சின்ன ஃபேன் ஒன்று பறப்பதைவிட, பெரிய ஃபேன் மூன்று ஆறுதலாகச் சுற்றுவது மேல்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. இப்போதைய கார்டுகளின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செப்புக் குழாய்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை கட்டிச் செப்பு இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். சில்லின் பக்கம் தண்ணீர் ஆவியாகும், சூட்டைச் சுமந்து மறுமுனைக்குப் போகும், அங்கே குளிர்ந்து திரும்பத் தண்ணீராகி உள்சுவரின் திரி வழியாக ஊறி வரும். 1940களிலேயே ஜெனரல் மோட்டர்ஸில் ஒருவர் இதற்குக் காப்புரிமை எடுத்தார். யாரும் கவனிக்கவில்லை. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார், விண்வெளி வேலைக்காக. பக்தாதின் ஈரத் துணியும் மூத்தம்மாவின் மண் முட்டியும் செய்த அதே வேலை, செப்புக் குழாய்க்குள். வேர்க்கத் தெரியாத இரும்புக்கு உள்ளுக்குள்ளேயே வேர்க்க வைத்துவிட்டார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். குழாயும் ஃபேனும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். சூட்டைச் சில்லிலிருந்து எடுத்து அறைக்குள் விடுவது. அழிப்பது இல்லை, இடம் மாற்றுவது. குளிர்நாட்டில் அல்லது ஏசி அறையில் இருபது இருபத்தைந்து பாகையில் உட்கார்ந்திருப்பவன் போடும் யூடியூப் விமர்சனத்தில் "சத்தமே இல்லை" என்பான். அதே கார்ட் கச்சான் மாதத்தில் எங்கள் அறைக்குள் பத்துப் பாகை பின்தங்கித்தான் ஓட்டத்தைத் தொடங்குகிறது. ஃபேன் இரைவது பழுதினால் இல்லை, அந்தப் பத்துப் பாகையைத் துரத்துவதற்கு.

அறையையும் பாருங்கள். கிடுகு போய் சீட் வந்துவிட்டது. பக்கத்து மதிலுக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் போக இடமில்லை. பர்தா என்று ஜன்னல் எப்போதும் பூட்டு. அதற்குள் 400 வொட் இழுக்கும் கம்பியூட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒருவன் வெளியிடும் சூடு சுமார் 100 வொட். அதாவது பத்துக்குப் பத்து அறையில் கண்ணுக்குத் தெரியாமல் நான்கு பேர் கூடுதலாகக் குந்தியிருக்கிறார்கள்.

பழைய கார்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அதைத் தோண்ட இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்க ஒரே நாளில் வேலையற்றுப் போய்ச் செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அந்த வருடம்தான் எங்கள் ரூபா விழுந்து, டொலர் 200இலிருந்து 360 அளவுக்கு ஏறியது. புதுக் கார்ட் எட்டாத விலை. பிள்ளைகள் பழசைத்தான் வாங்கினார்கள், இன்னும் வாங்குகிறார்கள். ஓடி ஓடிக் களைத்த ஃபேன், காய்ந்துபோன பேஸ்ட், அதற்கு மேல் எங்கள் வாவிக்கரை உப்புக்காற்று.

வெடிக்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயர் என்ற தளம், ஓடிக்கொண்டிருக்கும் சில்லுகளின் தலையிலிருந்து குளிர்விக்கும் கட்டியைக் கழற்றி வீடியோ எடுத்தது. ஏஎம்டியின் அத்லொன் நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இப்போது வரும் சில்லுகள் எல்லாம் இரண்டாவது வகை. முதலில் வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். அந்தப் பிள்ளையின் கம்பியூட்டர் இரண்டு முறை அணைந்தது வெடிக்கப் போனதால் இல்லை, வெடிக்காமல் இருக்க. ஆனால் ஃபேனைக் கட்டிப்போட்டு நாள்கணக்கில் ஓட்டினால் கார்டின் ஆயுள் குறையும். சத்தத்துக்குப் பயந்து ஃபேனைக் குறைத்ததுதான் அங்கே நடந்த ஒரே பிழை.

சனிக்கிழமை அசருக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேசிங் சுவர் மூலைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில், துணியால் பாதி மூடிக் கிடந்தது. தூசு வருமாம். பக்கத் தகட்டைக் கழற்றினால் மெத்தைப் பஞ்சு ஃபேனில் திரி மாதிரிச் சுற்றியிருந்தது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு (சுற்ற விட்டு ஊதக் கூடாது) பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தோம். கேசிங்கை மூலையிலிருந்து ஒன்றரை அடி வெளியே இழுத்து, சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரத்தை அடைத்திருந்த கார்ட்போர்ட்டைக் கழற்றினோம். பிறகு கேமின் செட்டிங்கைப் பார்த்தேன். அவனுடைய திரை செக்கனுக்கு 60 படம்தான் காட்டும், கார்டோ 170 படம் வரைந்துகொண்டிருந்தது. 110 படம் யாருக்கும் தெரியாமல் சூடாக மட்டும் போனது. 60க்கு மட்டுப்படுத்தினோம். ஃபேனைத் திரும்பவும் தானியங்கிக்கு விட்டோம். அரை மணித்தியாலம் விளையாடச் சொல்லிப் பார்த்தேன். 84இல் நின்ற சூடு 69க்கு வந்தது. கதவுக்கு வெளியே நின்றால் கேட்கவில்லை.

விற்கிற கதையை வாப்பா விட்டுவிட்டார். தேத்தண்ணி கொடுத்தனுப்பிய உம்மாக்காரி மட்டும் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னா: "சத்தம் குறைஞ்சிட்டு சேர், அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்தக் காதுல மாட்டுறதக் கழட்டுறான் இல்ல. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கேக்கல்ல, நான் கூப்பிட்டதும் கேக்கல்ல. அதுக்கும் ஏதாச்சும் செட்டிங் இருந்தா பாருங்க."